மண்ணிலே ஒளிந்த நோயும் கோதுமை ரகச் சோதனையும்

(வானொலியில் ஒலிபரப்பான வேளாண்மை உரை)

சென்ற மாதம் ஒரு கிராமத்தில் விவசாயிகள் கூட்டம். ரகத் தேர்வு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் கடைசியிலே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "ஏனுங்க சார், இந்த ரகத்துக்கு நோயே வராது, அந்த ரகத்துக்கு நோயே வராதுன்னு வருசா வருசம் சொல்றீங்க. அத எப்படிங்க கண்டுபுடிக்கறாங்க? ஒரு வருசம் வராமப் போனா, அப்பறம் எப்பவுமே வராதுங்களா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஒரு ரகத்தை நம்பி முழு வயலையும் நடுகிற எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. அன்றைக்கு நேரம் போதவில்லை. சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கு அதை விரிவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இதற்கு ஒரு கதை இருக்கிறது. நடந்த கதைதான். கோதுமைப் பயிரைப் பற்றியது, ஆரம்பித்தது அமெரிக்காவிலே. நம்ம பக்கம் கோதுமை அதிகம் கிடையாது. சம்பா கோதுமை மட்டும் சில ஊர்களிலே உண்டு. ஆனாலும் இந்தக் கதையிலே நெல், கடலை, கம்பு எது பயிரிடுகிறவருக்கும் பாடம் இருக்கிறது.

1919-ஆம் ஆண்டு நடந்தது

அமெரிக்காவில் இல்லினாய் என்று ஒரு மாநிலம். மிசிசிப்பி ஆற்றங்கரையில் கிரானைட் சிட்டி என்ற ஊர். அதைச் சுற்றிக் கோதுமை வயல்கள். அங்கே குளிர்காலக் கோதுமை போடுவார்கள். அதாவது செப்டம்பர், அக்டோபரில் விதைப்பார்கள். முளைத்த பயிர் கடுங்குளிரிலே அப்படியே அடங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் வெயில் தலைகாட்டியதும் பச்சை பிடித்து, தூர் கட்டி, கோடையிலே அறுவடைக்கு வரும்.

1919 வசந்தத்திலே சில வயல்களில் பயிர் எழும்பவில்லை. பக்கத்துப் பயிர் முழங்கால் உயரம் வந்தபோது, இது தரையோடு தரையாக ரோஜாப்பூ இதழ் மாதிரி விரிந்து கிடந்தது. தூர் மட்டும் ஏராளமாக வெடித்திருந்தது, தண்டு நீளவில்லை. இலையிலே பச்சையும் வெளிர்மஞ்சளுமாகத் திட்டும் கோடும். வயல் முழுக்க ஒரே சீராகவும் இல்லை. பள்ளமான இடம், தண்ணீர் தங்குகிற இடம் இவைகளில் திட்டுத்திட்டாகப் பாதிப்பு. மேட்டிலே பயிர் நன்றாக இருக்கும். பத்தடி தள்ளிப் பள்ளத்திலே ஒன்றுமே இருக்காது.

அந்த வருடம் அதே வட்டாரத்தில் வேறொரு புது நோயும் தென்பட்டது. இலையிலே கரிப்பூட்டை உண்டாக்கும் நோய் அது. ஆஸ்திரேலியாவிலே கோதுமையை வேரோடு நாசம் செய்துகொண்டிருந்த ஒரு வேரழுகல் நோயின் பெயர் அப்போது எல்லோருக்கும் தெரியும். 'எல்லாவற்றையும் கொண்டுபோவது' என்ற பொருளிலே அதற்குப் பெயர். கிரானைட் சிட்டி நோயும் அதுவேதான் என்று அமெரிக்க வேளாண்மைத் துறையினர் முதலில் முடிவு கட்டினார்கள். அந்த 1919-லேயே உழவர்களுக்காகச் சிறு வெளியீடும் போட்டுவிட்டார்கள்.

முடிவு தவறு. அவசரத்திலே நோய்க்குப் பெயர் வைத்துவிட்டால் மருந்தும் தவறாகத்தான் போகும். இது நமக்கெல்லாம் தெரிந்த விஷயம். நெல்லிலே துத்தநாகப் பற்றாக்குறையை நோய் என்று நினைத்து மருந்தடித்தவர்கள் எத்தனை பேர்!

மண்ணைச் சுட்டுப் பார்த்தார்கள்

ஹாரோல்டு மெக்கின்னி என்று ஒரு தாவர நோய் ஆராய்ச்சியாளர். அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்தவர். அவரும் அவர் கூட்டாளிகளும் அந்த வயல்களிலேயே பல வருடம் வேலை செய்தார்கள். நோயுற்ற வேரிலே வேரழுகல் பூஞ்சாணம் இருக்கிறதா என்று தேடினார்கள். நோய்க்கு அது காரணமாகத் தெரியவில்லை. உரக்குறையா? உரம் வைத்தாலும் நோய் போகவில்லை. குளிரா? பக்கத்து வயலுக்கும் அதே குளிர்தானே!

அப்புறம் மண்ணைச் சோதித்தார்கள். நோய் வந்த வயலின் மண்ணை அள்ளி வந்து, ஒரு பகுதியை அப்படியே வைத்து விதைத்தார்கள். இன்னொரு பகுதியை நீராவியிலே வேகவைத்தும், பார்மால்டிஹைடு மருந்து ஊற்றியும் சுத்தம் செய்து விதைத்தார்கள். சுத்தம் செய்யாத மண்ணிலே பயிர் குட்டையாயிற்று. சுத்தம் செய்த மண்ணிலே பயிர் நன்றாக வளர்ந்தது. ஆக, நோய் விதையிலே இல்லை, காற்றிலே இல்லை, மண்ணிலேதான் இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

1920-களின் நடுவிலே மெக்கின்னி இதைத் தேமல் நோய் என்று எழுதினார். புகையிலையிலே வருகிற தேமலைப் போல இதுவும் ஒரு வைரஸ் நோய், அதாவது நச்சுயிரி நோய். நோயுற்ற இலையின் சாற்றை எடுத்து நல்ல இலையிலே தேய்த்தபோது அதற்கும் நோய் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வைரஸ் என்பது உயிருள்ள செல்லுக்குள்ளே மட்டும் பெருகக்கூடியது. இந்த வைரஸ் குச்சி வடிவமானது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்கு போட்டால் அதிலே மூன்று பங்குதான் அதன் நீளம். அப்படிப்பட்டது, பயிரே இல்லாத வெறும் மண்ணிலே எப்படி வருடக்கணக்கில் உயிரோடு இருக்கிறது? மண்ணைக் காயவைத்து மூட்டை கட்டி வைத்திருந்து, வருடங்கள் கழித்து அதிலே விதைத்தாலும் நோய் வந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் 40 வருடம் ஆயிற்று. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பதில் தெரியுமுன்னே ரகம் தேடினார்கள்

உழவருக்குப் பதில் வரும்வரை காத்திருக்க முடியுமா? அடுத்த பட்டத்துக்கு விதைத்தாக வேண்டும். வயல் மண் முழுவதையும் வேகவைக்க முடியாது. வைரஸ் நோய்க்குத் தெளிப்பு மருந்தும் கிடையாது; அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. மீதி இருந்த வழி ஒன்றுதான். இந்த மண்ணிலே நிற்கிற ரகம் எது என்று பார்ப்பது.

ஆராய்ச்சிக்காரர்கள் நோய் கடுமையாக இருந்த வயலையே சோதனைத் திடலாக எடுத்துக்கொண்டார்கள். பற்பல கோதுமை ரகங்களைச் சிறு சிறு வரிசைகளாக விதைத்தார்கள். வசந்தத்திலே போய் ஒவ்வொரு வரிசையாக எண்ணினார்கள். 1923-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த வட்டாரத்து உழவர்கள் போட்டிருந்த ஹார்வெஸ்ட் குவீன் என்ற ரகம் படுமோசமாகக் குட்டையாயிற்று. வேறு பல ரகங்கள் அதே மண்ணிலே, அதே பள்ளத்திலே குட்டையாகாமல் நின்றன. ஆக, பாதி விடை கிடைத்துவிட்டது. மண்ணை மாற்ற முடியாவிட்டாலும் ரகத்தை மாற்றலாம்.

ஏன் பாதி விடை என்கிறேன்? முதலிலே எல்லோர் கண்ணிலும் பட்டது பயிர் குட்டையாவதுதான். அதனால் குட்டையாகாத ரகத்தையெல்லாம் தப்பிய கணக்கிலே சேர்க்கத் தோன்றும். ஆனால் குட்டையாகாத ரகங்களிலே பலவற்றின் இலையிலும் தேமல் இருந்தது. வெளிப்பார்வைக்குப் பயிர் நிற்கும். உள்ளே வைரஸ் இருக்கும். தூர் குறையும், மகசூல் குறையும். ஒரு அறிகுறியை மட்டும் பார்த்து ரகத்துக்கு நற்சான்று கொடுக்கக் கூடாது என்பது இதிலே முதல் பாடம்.

இன்னொன்றும் தெரிந்தது. தாமதித்து விதைத்தால் நோய் குறைந்தது. பயிருக்கு நோய் தொற்றுவது விதைத்த புதிதிலே, மண் ஈரமாகவும் ரொம்பக் குளிராமலும் இருக்கிற நாட்களில்தான். மண் குளிர்ந்த பிறகு முளைக்கிற பயிருக்குத் தொற்று குறைவு. ஆனால் பட்டம் தவறி விதைத்தால் தூர் கட்டாது, கடுங்குளிரிலே பயிர் சாகும். ஒரு பக்கம் தப்பினால் இன்னொரு பக்கம் அடி. இதுவும் உங்களுக்குத் தெரியாததல்ல.

வைரஸுக்கு வண்டி

1939-இல் கனடா நாட்டிலே லெடிங்காம் என்ற விஞ்ஞானி கோதுமை வேருக்குள்ளே வாழ்கிற ஒரு நுண்ணுயிரைக் கண்டு எழுதினார். பாலிமிக்சா கிராமினிஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் அதைப் பூஞ்சாணம் என்றார்கள். இப்போது பூஞ்சாணத்தோடு சேர்ப்பதில்லை, தனி இனம் என்கிறார்கள். தனியாக அது பயிருக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. அதனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1954-இல் மெக்கின்னியும் லின்ஃபோர்டு என்பவரும் அமெரிக்கக் கோதுமை வேர்களிலும் இது இருப்பதைக் கண்டார்கள். சந்தேகம் பிறந்தது. பிறகு நெப்ராஸ்கா மாநிலத்திலே மைரன் பிராக் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 1966-இல் எஸ்டிஸ், பிராக் இருவரும், இந்த நுண்ணுயிரோடு சேர்ந்தே வைரஸ் பரவுகிறது என்பதைக் காட்டினார்கள். 1919-லிருந்து கணக்குப் போட்டால் 47 வருடம்!

அது வேலை செய்கிற விதத்தைச் சொல்கிறேன். வேருக்குள்ளே இந்த நுண்ணுயிர் கொத்துக் கொத்தாகத் தடித்த தோலுள்ள உறங்கு வித்துக்களை உண்டாக்குகிறது. வேர் மக்கியதும் அவை மண்ணிலே கிடக்கும். வெயிலும் வறட்சியும் அவைகளை ஒன்றும் செய்யாது. அவற்றுக்குள்ளே வைரஸ் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். மழை பெய்து மண் ஈரமாகி, பக்கத்திலே கோதுமை வேர் ஓடினால், வித்து வெடித்து, வால் உள்ள நீந்தும் உயிர்கள் வெளியே வரும். மண்ணிலுள்ள தண்ணீரிலே நீந்திப்போய் வேரிலே ஒட்டி உள்ளே நுழையும். நுழையும்போது வைரஸையும் இறக்கிவிடும். பஸ்ஸிலே ஏறி வந்து ஊருக்குள் இறங்குகிற ஆள் மாதிரி.

இப்போது எல்லாம் விளங்கிவிட்டது அல்லவா? பள்ளத்திலே ஏன் நோய் என்றால், நீந்தத் தண்ணீர் வேண்டும். காய்ந்த மண்ணிலும் ஏன் நோய் என்றால், தடித்த தோல். இரண்டு மூன்று வருடம் வேறு பயிர் வைத்தாலும் ஏன் போகவில்லை என்றால், வித்துக்களின் ஆயுள் அதைவிட அதிகம். ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு எப்படிப் போகிறது? கலப்பையிலும் டிராக்டர் சக்கரத்திலும் ஒட்டிய மண்ணோடு, ஓடுகிற தண்ணீரோடு.

கான்சாஸ் உழவர்கள் பட்ட பாடு

நோய் இல்லினாயோடு நிற்கவில்லை. கோதுமைக் களஞ்சியம் என்று சொல்லத்தக்க கான்சாஸ் மாநிலத்திலே 1952-இல் பெரிய அளவில் பரவியது. அப்போது அங்கே பானி என்ற ரகம் பெரும்பரப்பிலே இருந்தது. நல்ல ரகம், உழவர்கள் விரும்பி விதைத்த ரகம். ஆனால் இந்த மண்வழித் தேமலுக்கு அது தாங்காது. பெரும்பரப்பிலே ஒரே ரகம் இருக்கும்போது அதற்கு ஆகாத நோய் ஒன்று வந்தால், வட்டாரமே மஞ்சளாகிவிடும். அப்படித்தான் ஆயிற்று.

அதன்பிறகு ரகச் சோதனை தீவிரமாயிற்று. 1950-களிலே ஒக்லகாமாவில் வெளியான காஞ்சோ என்ற ரகம் இந்நோய்க்கு நின்றது. 1977-இல் கான்சாஸில் நியூட்டன் என்ற குட்டை ரகம் வந்தது. மண்வழித் தேமலுக்கு எதிர்ப்புத் திறன் உள்ள ரகம். 1980-களின் தொடக்கத்தில் அந்த மாநிலத்திலே மிகப் பரவலாகப் பயிராயிற்று.

இப்போது அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரு ரகம் தாங்கும் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

முதலாவது, நோய் உறுதியாக இருக்கிற வயலைத் தேர்ந்தெடுப்பார்கள். நல்ல வயலிலே நோய் எதிர்ப்பைச் சோதிக்க முடியாது.

இரண்டாவது, நோய் மண்ணிலே திட்டுத்திட்டாக இருக்கும் என்று சொன்னேன். ஒரு ரகத்தை ஓரிடத்தில் மட்டும் விதைத்தால், அது விழுந்த இடம் நோயில்லாத திட்டாக இருந்துவிடலாம். அதனால் அதே ரகத்தை அதே வயலிலே மூன்று, நான்கு இடங்களில் மாற்றி மாற்றி விதைப்பார்கள்.

மூன்றாவது, இதுதான் முக்கியம். புது ரகங்களுக்கு இடையிடையே, நோய்க்கு நிச்சயமாகத் தாங்காத பழைய ரகம் ஒன்றை வரிசையாக விதைப்பார்கள். அதை ஒப்பீட்டு ரகம் என்பார்கள். நான் அதைச் சாட்சிப் பயிர் என்று சொல்லுவேன். சாட்சிப் பயிர் மஞ்சளாகி, பக்கத்திலே புது ரகம் பச்சையாக நின்றால்தான் புது ரகத்துக்கு மார்க். சாட்சிப் பயிரும் பச்சையாக நின்றுவிட்டால் என்ன அர்த்தம்? அந்த வருடம் நோயே வரவில்லை என்று அர்த்தம். எல்லா ரகமும் பாஸ் என்று அர்த்தமில்லை. அந்த வருடச் சோதனையே செல்லாது.

நான்காவது, பார்க்கிற நேரம். இந்த நோயின் அறிகுறி குளிர்ந்த வசந்தத்தில், சுமார் 15 டிகிரி வெப்பத்திலே நன்றாகத் தெரியும். வெயில் ஏறினால் புது இலை பச்சையாக வரும், தேமல் மறைந்துவிடும். தாமதமாகப் போய்ப் பார்ப்பவர் எல்லாம் நலம் என்று எழுதிவிட்டு வருவார். விதைக்கும் பருவம் வறண்டு போனாலும், வசந்தம் சீக்கிரம் சூடேறினாலும் அந்த ஆண்டு நோய் தெரியாது.

ஐந்தாவது, ஒரு வருடத்தோடு நிறுத்த மாட்டார்கள். பல வருடம், பல இடம்.

1977-க்குப் பிறகு எலிசா என்ற சோதனை முறை தாவர வைரஸ்களுக்கும் வந்தது. இலைச்சாற்றிலே வைரஸ் இருக்கிறதா என்று சாயம் மாறுவதை வைத்துச் சொல்லிவிடலாம். பச்சையாகத் தெரிகிற இலைக்குள்ளே வைரஸ் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க இது பெரிய உதவி. ஆனாலும் வயல் சோதனையும் சாட்சிப் பயிரும் இல்லாமல் எலிசா மட்டும் போதாது.

நான் செய்த தவறு

இதை நான் புத்தகத்திலே மட்டும் படித்துச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதிலே நானே தவறு செய்து கற்றுக்கொண்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

அப்போது ஒரு கிராமத்திலே நெல்லுக்குக் குலைநோய் வருகிற பகுதி. குலைநோயைத் தாங்கும் என்று சொல்லப்பட்ட ஒரு ரகத்தை ஒரு விவசாயியின் வயலில் செயல்விளக்கத் திடலாகப் போட்டேன். ஒரு ஏக்கர் முழுவதும் அதே ரகம். பக்கத்திலே வழக்கமான ரகம் ஒரு பாத்திகூட வைக்கவில்லை. "எதற்கு இடத்தை வீணாக்குவது" என்று நினைத்தேன். பயிர் அருமையாக வந்தது. ஒரு இலையிலே ஒரு புள்ளி இல்லை. வயல் விழா நடத்தினேன். பத்துப் பதினைந்து பேர் அடுத்த பட்டத்துக்கு அதே விதை வாங்கினார்கள்.

அடுத்த வருடம் மார்கழியிலே பனி கொட்டியது. மேகமூட்டம் வேறு. கழுத்துக் குலைநோய் வந்து கதிர் வெளுத்துச் சாய்ந்தது. திடல் போட்ட விவசாயி என்னைவிட இருபது வயது மூத்தவர். கோபப்படவில்லை. வரப்பிலே நின்று, "ஏனுங்க சார், போன வருசம் இந்த ஊர்ல யாருக்குமே குலைநோய் வரலீங்க. எங்கூட்டு வயல்ல வரலைன்னு மட்டும் நீங்க பாத்தீங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையிலே எனக்குப் பட்டப் படிப்பிலே சொல்லிக் கொடுத்ததெல்லாம் புரிந்தது. முதல் வருடம் பனி குறைவு, நோயே வரவில்லை. பக்கத்திலே தாங்காத ரகம் ஒரு வரிசை வைத்திருந்தால் அதுவும் பச்சையாக நின்றிருக்கும். நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். சாட்சி இல்லாமல் தீர்ப்புச் சொன்னேன். பத்துப் பதினைந்து குடும்பம் அந்தத் தீர்ப்புக்கு விலை கொடுத்தது. அன்றைக்கு முதல் சாட்சிப் பாத்தி இல்லாமல் நான் திடல் போட்டதில்லை.

எதிர்ப்புத் திறன் என்றால் என்ன?

மறுபடி கோதுமைக்கு வருவோம். எதிர்ப்புத் திறனுள்ள ரகத்தின் வேரைத் தோண்டி நுண்ணோக்கியிலே பார்த்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், வைரஸைச் சுமந்து வரும் அந்த நுண்ணுயிர் அதன் வேரிலும் இருந்தது! நோய்க்கு ஆளாகும் ரகத்தின் வேரிலே எப்படியோ அப்படியே இருந்தது. ஆனால் வைரஸ் செடி முழுவதும் பரவி மேலே இலைக்கு வர முடியவில்லை. பஸ் ஊருக்குள் வருகிறது; ஆள் வீட்டுக்குள் நுழைய முடியவில்லை.

இதிலே விவசாயிக்கு ஒரு எச்சரிக்கை இருக்கிறது. எதிர்ப்பு ரகம் போட்டதால் மண் சுத்தமாகிவிடாது. நோய் மண்ணிலேயே இருக்கும். பத்து வருடம் நல்ல ரகம் போட்டு, நோயை மறந்து, பதினோராவது வருடம் தாங்காத ரகம் போட்டால் பழைய கதைதான்.

1982-இல் கான்சாஸ் ஆராய்ச்சியாளர்கள் ஒட்டுக்கட்டிப் பார்த்து, இந்த எதிர்ப்புத் திறன் ஒரே ஒரு ஓங்கிய மரபணுவால் பிள்ளைகளுக்கு இறங்குகிறது என்று கண்டார்கள். ஒரே மரபணு என்பதால் ஒட்டு ரகத்திலே அதைக் கொண்டுவருவது சுலபம்.

பிறகு ஐரோப்பாவிலும் இதே வேலை நடந்தது. இத்தாலியிலும் பிரான்சிலும் இந்த வைரஸின் நெருங்கிய உறவுக்காரன் ஒன்று கோதுமையைத் தாக்கியது. 1999-இல் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியிலும் முதன்முதலாகக் கண்டார்கள். அங்கே ஏற்கெனவே வழக்கத்திலிருந்த ரகங்களைச் சோதித்ததில் சில நன்றாகத் தாங்கின. கடென்சா என்ற ரகத்திலே தாங்கும் மரபணு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தார் 2006-இல் அடையாளம் கண்டார்கள். தங்கள் கையிலேயே தாங்கும் ரகம் இருந்தது. சோதித்துப் பார்த்த பிறகே அது தெரிந்தது.

நம் மண்ணிலே

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம். இதே பாலிமிக்சா நம் நாட்டு மண்ணிலும் உண்டு. நிலக்கடலைச் செடி குட்டையாகி, இலை சிறுத்துக் கரும்பச்சையாகி, கொத்தாக உட்கார்ந்துவிடுகிற ஒரு நோய் இருக்கிறது. வயலிலே திட்டுத்திட்டாக வரும். ஆந்திரா, பஞ்சாப், ராஜஸ்தான் மணற்பாங்கான நிலங்களில் அதிகம். ஐதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்று 1980-களிலே எழுதினார்கள். அதைச் சுமந்து வருவது பாலிமிக்சா. ராஜஸ்தானிலே அந்த வைரஸ் கோதுமையையும் தாக்குவதை 1999-இல் பதிவு செய்தார்கள்.

இங்கே கோதுமைக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் கடலைக்குக் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான நிலக்கடலை வகைகளை நோயுள்ள மண்ணிலே விதைத்துப் பார்த்தார்கள். பயிரிடும் கடலையில் தாங்கும் ரகம் கிடைக்கவில்லை. அதனால் வேறு வழி தேடினார்கள். மழை விழுந்ததும் அந்த நிலத்தில் கம்பை நெருக்கமாக விதைப்பது. முளைத்த இரண்டு வாரத்தில் அதைப் பிடுங்கிவிடுவது. பிறகு கடலை போடுவது. நுண்ணுயிர் விழித்துக் கம்பு வேருக்குள் போய்விடும். அது பெருகி மறுபடி வித்துப் போடுமுன் நாம் பிடுங்கிவிடுகிறோம். தூண்டிலிலே புழு வைப்பது மாதிரி. நோய் முழுவதும் போகாது, ஆனால் குறைகிறது. இந்த வைரஸ் கடலை விதை மூலமும் பரவும் என்பதால், நோயுள்ள வயலின் கடலையை விதைக்கு எடுக்கவே கூடாது.

காற்றிலே வருகிற நோய்க்கும் மண்ணிலே இருக்கிற நோய்க்கும் உள்ள வித்தியாசத்தையும் நினைவில் வையுங்கள். கோதுமைத் துருநோய் காற்றிலே பறந்து வரும். நம் நீலகிரியில் வெல்லிங்டனிலே இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையத்திலே வடநாட்டுக் கோதுமை வகைகளைத் துருநோய்க்குச் சோதிக்கிறார்கள். மலைக்காற்றே அங்கே நோயைக் கொண்டுவந்து தந்துவிடுகிறது. மண்வழி நோய் அப்படியல்ல. பக்கத்து வயலில் இருக்கும், உங்கள் வயலில் இருக்காது. ஆகவே அடுத்தவர் வயலிலே தாங்கியதா, தாங்கவில்லையா என்பது உங்கள் வயலுக்கு முழுச் சாட்சியாகாது.

நீங்கள் செய்யக்கூடியது

விவசாயப் பெருமக்களே! ஆராய்ச்சி நிலையத்தார் செய்கிற சோதனையைச் சிறிய அளவிலே நீங்களும் செய்யலாம். புது ரகம் எதுவானாலும் முதல் வருடம் முழு வயலுக்கும் போடாதீர்கள். நாலு பாத்தி போடுங்கள். அதற்கு நடுவே, நோய்க்கு ஆளாகும் உங்கள் பழைய ரகம் இரண்டு பாத்தி போடுங்கள். நோய் வழக்கமாக வருகிற பள்ளமான இடத்திலும் ஒன்று போடுங்கள். நல்ல இடத்திலே மட்டும் போட்டு நாமே நம்மை ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. நோய் தெரிகிற பருவத்திலே வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். பார்த்ததைத் தேதியோடு ஒரு நோட்டிலே எழுதுங்கள். பழைய ரகமும் நன்றாக நின்றுவிட்டால் அந்த வருடம் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இன்னொரு வருடம் பாருங்கள்.

வயலிலே ஓரிடத்தில் மட்டும் திட்டாகப் பயிர் குட்டையாகி, வருடா வருடம் அதே இடத்திலே வந்தால் மண்ணைச் சந்தேகப்படுங்கள். அந்த இடத்தைக் கடைசியிலே உழுங்கள். கலப்பையையும் டிராக்டர் சக்கரத்தையும் கழுவிவிட்டு அடுத்த வயலுக்குள் இறக்குங்கள். அந்தத் தண்ணீரை மற்ற வயலுக்குப் பாய விடாதீர்கள். செடியை வேரோடு எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். பெயர் தெரியாமல் மருந்தடிக்க வேண்டாம்.

எங்களைப் போன்ற அலுவலர்கள் "இந்த ரகத்துக்கு நோய் வராது" என்று சொன்னால், சும்மா தலையாட்டாதீர்கள். "எத்தனை வருசம் பாத்தீங்க? எந்த மண்ணுல பாத்தீங்க? பக்கத்துல எந்த ரகம் வெச்சுப் பாத்தீங்க?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். நாங்கள் வருத்தப்பட மாட்டோம். பதில் தெரியாவிட்டால் கேட்டுவந்து சொல்லுவது எங்கள் கடமை.

கூட்டத்திலே கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன். ஐயா, ஒரு வருடம் நோய் வரவில்லை என்றால் எப்பவுமே வராது என்று அர்த்தமில்லை. பக்கத்திலே தாங்காத பயிர் சாய்ந்தபோது எது நின்றதோ, அதைத்தான் நம்ப வேண்டும்.